ஏழாம் வளைவு

ஏற்காட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்
பத்தொன்பது வருஷம் லைன் கொடுத்தவள் நான்.
ஒற்றன் படத்தைப் பற்றிப் பேச
எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

‘நீலக்கோப்பு’ வந்த முதல் வாரமே பார்த்தோம்,
செவ்வாய்ப்பேட்டையில், மதியக் காட்சி.
அமலோற்பவம் வாங்கிவந்த தட்டுவடை செட்டை
கடித்தால் சத்தம் கேட்குமென்று
மடியிலேயே வைத்திருந்தோம்.

அதுதான் அந்தப் படத்தின் பலம்.
முதல் பதினோரு நிமிஷம் யாரும் பேசுவதில்லை.
ஏரிக்கரையில் ஒருவன் நடக்கிறான்.
பனி அவன் முழங்காலைத் தின்கிறது,
பிறகு இடுப்பை,
கடைசியில் ஒரு தொப்பி மட்டும்
போய்க்கொண்டே இருக்கிறது.
எங்கள் பனி. கூலி வாங்காமல் நடித்தது.
விசிலடிக்க வந்தவர்கள்
வாய்க்குள் வைத்த விரலை எடுக்க மறந்தார்கள்.

பிறகு கதாநாயகன் வாயைத் திறந்தான்.
மூடவில்லை.
தன் பெயர், இலாகா, மேலதிகாரியின் ரத்தக்கொதிப்பு
எல்லாவற்றையும் ஓட்டல் மாடியில்
முன்பின் தெரியாத நடனக்காரியிடம் சொல்லுகிறான்.
தட்டுவடையைப் பிரித்தோம்.

கார்த் துரத்தலைச் சொல்லவேண்டும்.
மலைப்பாதைக்கு இருபது வளைவு,
வளைவுக்கொரு எண் எழுதிய கல்.
படத்தில் ஏழாம் கல் மூன்று முறை வருகிறது.
கொட்டகை முழுக்க சேலத்துக்காரர்கள்.
முதல் தடவை ‘ஏழு’ என்றார்கள்.
இரண்டாம் தடவை ‘மறுபடி ஏழு.’
மூன்றாம் தடவை பின்வரிசையில் ஒரு கண்டக்டர் எழுந்து
‘ஏழாம் வளைவெல்லாம் இறங்கு’ என்று விசில் ஊதினார்.

வில்லனின் குகை வெள்ளைக்கல் சுரங்கத்துக்குள்.
கல்யாண வீட்டு சீரியல் பல்பு,
ஒரு பூகோளப் படம், ஒரு சிவப்புப் பொத்தான்.
‘அழிக்கும் பொத்தான்’ என்பதை
‘அளிக்கும் பொத்தான்’ என்று எழுதியிருந்தான்.
அமுக்கினால் என்ன கிடைக்குமோ என்று
கடைசிவரை காத்திருந்தோம்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ஒற்றன் மலையிலிருந்து ரிசீவரை எடுக்கிறான்,
மறு நொடி டெல்லி ‘ஹலோ’ என்கிறது.
நடுவில் ஒரு பெண் ‘லைன்ல இருங்க’ என்று சொல்லவில்லை.
நாட்டின் அத்தனை ரகசியமும்
யார் காதைக் கடந்து போயிற்று?
எழுதினவருக்கு அது தோன்றவே இல்லை.

ஒட்டுக் கேட்கக் கூடாது. விதி.
லைன் விழுந்ததா என்று பார்க்க இரண்டு நொடி.
இரண்டு நொடி போதும்.
தந்தி வருமுன் எனக்குத் தெரிந்த சாவுகள் உண்டு.
காப்பிக்கொட்டை விலை ஏறப்போவது தெரியும்.
ஒரு பங்குனியில்
அமலோற்பவத்தின் புருஷன் ஞானாதிக்கம்
கோயமுத்தூர் நம்பர் ஒன்றுக்குப் பேசினதும்
அந்தப் பக்கம் ஒரு குழந்தை
‘அப்பா’ என்றதும்.

படத்தில் இன்னொரு பலமும் இருக்கிறது,
யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.
ஓட்டலில் துணி தேய்க்கிற ஒருத்தி
சட்டைப் பையில் ஒரு காகிதத்தைக் காண்கிறாள்.
படிக்கிறாள். மடித்து இருந்த இடத்தில் வைக்கிறாள்.
காலரைத் தேய்க்கிறாள்.
இருபது நொடி இருக்கும்.
பிறகு அவள் வரவே இல்லை,
பெயர்ப் பட்டியலிலும் இல்லை.
இயக்குநர் தெரிந்து வைத்தாரா
வெட்ட மறந்தாரா, தெரியாது.
அங்கே மட்டும் அமலோற்பவம்
மெல்லுவதை நிறுத்தினாள்.

சாயங்கால பஸ். ஜன்னலோரம் அவள்.
ஏழாம் கல் ஒரே ஒரு முறை வந்து போனது.
‘உனக்கு ஏதாவது கேட்டுச்சா?’ என்றாள்.

‘என்னது?’

‘இல்ல, பஸ்ஸுல ஏதோ சத்தம்.’

‘ஒண்ணும் கேட்கல’ என்றேன்.